ரெட்டியார்பாளையத் தண்ணீர்

போன வாரம் நண்பர் ஒருவரோடு மீன் தொட்டிக் கடைக்குப் போக வேண்டியதாயிற்று. பேரப்பிள்ளைக்குத் தொட்டி வாங்க வந்தவர் அவர். நான் வெறுமனே துணைக்கு. கடையில் இருந்த பெண் நாலைந்து பெட்டிகளை எங்கள் முன்னால் அடுக்கி, இது பஞ்சு ஃபில்டர், இது கூழாங்கல்லுக்கு அடியில் போடுவது, இது வெளியே தொங்கவிடுவது, இதில் நீல விளக்கு எரியும், கிருமியெல்லாம் செத்துவிடும் என்று ஒப்பித்துக்கொண்டே போனார். நண்பர் திணறிப்போய் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே தண்ணி டெஸ்ட் பண்ற வேலையில இருந்தவரு? எது நல்லது, சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. கர்வமெல்லாம் இல்லை, அந்தக் கடையின் வாசனைதான் காரணம். ஈரக் கரி, பாசி, ரப்பர் குழாய், மீன் தீனி எல்லாம் கலந்து ஒரு வாசனை வருமே, அது மூக்கில் ஏறியதும் நான் கடையில் இல்லை. புதுச்சேரியில் எங்கள் பழைய வீட்டு முன்னறையில், தரையெல்லாம் தண்ணீர் சிந்திக் கிடக்க, கையில் ஒரு மீட்டரோடு நின்றுகொண்டிருந்தேன். எதிரே ஒரு தொட்டி. உள்ளே மூன்று தங்க மீன்கள். மன்னிக்க வேண்டும், இரண்டு. மூன்றாவது மீன் செத்ததிலிருந்துதான் விஷயமே ஆரம்பிக்கிறது.

அது இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்கள். கைக்குச் செல்போன் வந்துவிட்டிருந்தது, ஆனால் அதில் பேச மனசு வராது. மிஸ்டு கால் கொடுத்தே காலத்தை ஓட்டினோம். எங்கள் தெரு ஊரின் தென்பக்கம், கடலுக்கு நாலைந்து தெரு தள்ளி. காற்றிலேயே உப்பு. ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும், சைக்கிள் துருப்பிடிக்கும், பரணில் கிடக்கும் இரும்புச் சட்டி கேட்பாரில்லாமல் துருப்பிடிக்கும். மத்தியானச் சாப்பாடு ஆனதும் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும், தெருவே கண்ணை மூடிக்கொள்ளும். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பழக்கம் என்பார்கள் அந்தத் தூக்கத்தை. எனக்கென்னவோ கடற்காற்று பழக்கிய பழக்கம் என்றுதான் தோன்றும். இப்போதுகூட ஏதாவது மீட்டிங்கில் மத்தியான வேளையில் உட்கார வைத்தால் என் கண் தானாகச் சொருகும். நான் என்ன செய்வது, ஊர் அப்படி.

அத்தாவுக்குக் கண்ணாடிக் கடை. எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். படத்துக்குச் சட்டம் போடுவது, அலமாரிக்குக் கண்ணாடி அறுப்பது, கூடவே மீன் தொட்டி ஒட்டுவது. கண்ணாடியின் மேல் ஒரு கோடு இழுத்து விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் பிஸ்கட் மாதிரி இரண்டாகும். அக்கா கல்யாணத்துக்கு அவர் கொடுத்த சீர்களில் பீரோ, கட்டில் எல்லாம் இருந்தன. ஆனால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் காட்டியது தன் கையால் ஒட்டிய இரண்டரை அடித் தொட்டியை மட்டும்தான். "பீரோ எவன் வேணா குடுப்பான். தொட்டி எவன் குடுப்பான்?" என்பார். அதுவும் உண்மைதான், வேறு யாரும் கொடுக்கமாட்டார்கள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் பேச்சைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவள் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் அவள் குரல் நுழைந்துவிடும். கறிக்கடையில் கூட்டம், எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டது, தையல்காரர் கை அளவைத் தப்பாக எடுத்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, நடுவில் தண்ணீர் குடித்து, மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். யாரும் கேட்கிறார்களா என்று பார்க்கமாட்டாள். நாங்கள் கேட்கவும் மாட்டோம். வீட்டில் மின்விசிறி ஓடுகிற மாதிரி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

அவளைக் கட்டிய மச்சான் இதற்கு நேர் எதிர். ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு குடியிருப்பில் வீடு. டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். போல்ட்டும் நட்டும் கேட்டு வருகிறவர்களிடம் பேச்சுக்கு என்ன வேலை, எடுத்து நீட்டினால் போதும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மற்றபடி தங்கமான மனிதர். எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது, பேசுகிற பழக்கம் உட்பட.

ஆடி மாதம், வீராம்பட்டினம் தேர். ஊருக்கே லீவு. பஸ் பஸ்ஸாகச் சனம் தேருக்குப் போய்க்கொண்டிருந்த காலையில், எங்கள் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எங்கள் அக்கா தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சீட்டில் காலித் தொட்டி, அதற்குப் பக்கத்தில் ஒண்டியபடி அவள், மடியில் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் மூன்று மீன்.

அம்மா வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "இன்னா புள்ள, சண்டையா?"

"சண்டை போடணும்னா எதிர்ல இருக்கற ஆளு பேசணுமில்ல?"

"அடிச்சாரா?"

"சேச்சே, அவரு எறும்பக் கூட மிதிக்கமாட்டாரு."

"அப்ப இன்னாதான்?"

"அந்த வீட்டுல நான் பேசறது எனக்கே திரும்பிக் கேக்குதும்மா. கல்யாணம் ஆனதுலேந்து நான் ஒருத்திதான் பேசிட்டு இருக்கேன். மீனாவது கிட்ட போனா வாயத் தொறக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் மச்சானின் அண்ணன் ஆள் அனுப்பினார். நோன்புப் பெருநாள் வரை பார்ப்போம், அதற்குள் பெண் வரவில்லையென்றால் ஜமாஅத்தில் வைத்துப் பேசி உறவை முடித்துக்கொள்வோம் என்று. அத்தாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெரியவர்கள் முன்னால் உட்கார வைத்து உனக்கு என்னம்மா குறை என்று கேட்பார்கள். "பேசமாட்டேங்கறாரு" என்பாள் இவள். அதைக் கேட்டு யாராவது ஒருவர் சிரித்துவிட்டால் போதும், அதற்கப்புறம் காலத்துக்கும் அந்த வீட்டுப் படியை மிதிக்கமாட்டாள். எங்கள் அக்காவை எங்களுக்குத் தெரியாதா?

தொட்டியை முன்னறையில் ஜன்னலுக்கு எதிரே வைத்தோம். மத்தியான வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்து உத்திரத்தில் நெளியும். அத்தா ஈஸிசேரில் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா கீரை ஆய்ந்தபடி பார்ப்பாள். கரண்ட் போனால் காற்றுக் குமிழி நின்றுவிடும், அப்போது வீடு முழுக்க வந்து கவிகிற அமைதியை என்னால் இப்போதும் கேட்க முடிகிறது. அந்த மாதங்களை நினைத்தால் நாங்கள் எல்லோருமே தண்ணீருக்கு அடியில் நடமாடிக்கொண்டிருந்த மாதிரிதான் ஞாபகம். யாரும் சத்தமாகப் பேசவில்லை. அக்கா பேசவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பிறகு ஒரு மீன் செத்தது. காலையில் பார்த்தால் மல்லாந்து மிதந்தது. புருஷன் வீட்டை விட்டு வந்த அன்றைக்கு அழாதவள், அந்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படி அழுதாள். "இந்தத் தண்ணிதான் கொன்னுடுச்சு. அங்க நல்லாதானே இருந்துச்சுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் சொன்னது தப்பில்லை. எங்கள் வீட்டு ஆழ்துளைப் போரில் கடல் நீர் ஏற ஆரம்பித்திருந்தது. வாயில் வைத்தால் கரிக்கும். முனிசிபல் குழாயில் வருவதில் குளோரின் நெடி மூக்கைத் துளைக்கும். ரெட்டியார்பாளையத்தில் அப்போது போரைத் தட்டினால் இளநீர் மாதிரி வரும்.

மீனுக்குத் தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்வது என்ற ஆராய்ச்சி வீட்டில் தொடங்கியது. அம்மா தேத்தாங்கொட்டையை உரசிப் போட்டால் போதும் என்றாள். தண்ணீர் தெளியும்தான், உப்பு எங்கே போகும் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். அத்தாவுக்கு மெஷின் எதிலும் நம்பிக்கையில்லை. "பள்ளிவாசல்ல ஒளு செய்யற தொட்டியில மீனு எத்தினி வருஷமா இருக்கு! ஊரே கை கால் கழுவுது. எந்த ஃபில்டர் வச்சிருக்காங்க அங்க?" பக்கத்து வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒருவர் இருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் முசே. அவர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே தலையை நீட்டி, தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட வேண்டும், பிரான்சில், தூலோனில் நாங்கள் அப்படித்தான் செய்தோம் என்றார். மீனுக்கா என்று கேட்டேன். எங்களுக்கு என்றார்.

இந்த இடத்தில் என் பெருமையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் அப்போது சேதராப்பட்டில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். லேபில் தண்ணீர் சோதிக்கிற வேலை. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, ஒரு குச்சி மீட்டரைத் தண்ணீரில் விட்டு, அதில் எத்தனை உப்பு கரைந்திருக்கிறது என்று எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். ஊர்த் தண்ணீரின் நாடியையே நான்தான் பிடித்துப் பார்க்கிறேன் என்று எனக்கு நினைப்பு. ஆகவே இது என்னுடைய கேஸ் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் என்னை முந்திக்கொண்டார் அத்தா. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வெளியே வருகையில் செருப்பு விடும் இடத்தில் மச்சானை எதிரெதிராகப் பார்த்திருக்கிறார். மகளைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. பேசாமல் போகவும் முடியவில்லை. "மீனு ஒண்ணு செத்துப்போச்சு மாப்ள, தண்ணி ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து, "எதையோ சொல்ல நெனச்சி எதையோ சொல்லிட்டேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சானின் ஸ்கூட்டர் வாசலில் நின்றது. கால் வைக்கிற இடத்தில் ஒரு கேன், பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய இன்னொரு கேன். இரண்டையும் இறக்கிப் படிக்கட்டில் வைத்தார். "ரெட்டியார்பாளையத் தண்ணி" என்றார். அம்மா உள்ளே வரச் சொன்னாள். தலையை ஆட்டினார், அது சரியா இல்லையா என்று தெரியவில்லை. திருப்பி எடுத்துப்போகக் காலிக் கேன் எதுவும் அன்றைக்கு இல்லாததால் வெறுங்கையோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அக்கா உள்ளறையில் இருந்தாள். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை திரும்புகிற வரைக்கும் வெளியே வரவில்லை. வந்ததும் முதல் வேலையாகத் தொட்டித் தண்ணீரை மாற்றினாள். மீன் இரண்டும் மறுநாளே துடிப்பாகிவிட்டன.

அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும். புதுக் கேனை வைப்பார், அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வார், காலிக் கேனை எடுத்துக்கொள்வார். ஒரு தரம் அம்மா கொடுத்த டீயை வாசலிலேயே நின்று குடித்தார். இன்னொரு தரம் ஜன்னல் வழியாகத் தொட்டியை எட்டிப் பார்த்தார். அக்கா உள்ளறைக் கதவுக்குப் பின்னால் இருப்பது போய், கதவுக்குப் பக்கத்தில் வந்து, அப்புறம் கதவிலேயே சாய்ந்து நிற்க ஆரம்பித்தாள். இதெல்லாம் இப்போது சொல்லும்போதுதான் வரிசையாகத் தெரிகிறது. அப்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கண்ணெல்லாம் கேன் மேல்தான். ஒரு தண்ணீர்க்காரன் வீட்டில், வெளியிலிருந்து தண்ணீர் வருவதா?

முதலில் கடையில் விற்கும் கேன் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். மனுஷன் குடிப்பதிலேயே சுத்தமானது அதுதானே என்று கணக்கு. மீன் சோர்ந்துபோய் மூலையில் ஒதுங்கின. அதில் உப்பு என்பதே இல்லை. மீனுக்குக் கொஞ்சமாவது வேண்டும். சரி, நம்மிடம்தான் உப்புக்குப் பஞ்சமில்லையே என்று எங்கள் போர்த் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் கலந்தேன். கம்பெனியில் சூப்பர்வைசரைக் கேட்டு ஒரு பொட்டலம் கரி வாங்கி வந்தேன். அத்தா கடையில் மிச்சமான கண்ணாடித் துண்டுகளை ஒட்டி ஒரு பெட்டி செய்து, பஞ்சு, மணல், கரி, மறுபடி பஞ்சு என்று அடுக்கினேன். தண்ணீர் மேலே ஏறி, அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விழும். சேதராப்பட்டு பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அந்தச் சொட்டுச் சத்தம் எனக்குக் காதில் கேட்கும். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, வயல்கள் பின்னால் போவதைப் பார்த்தபடி, கலவையில் இன்னும் அரைக் குடம் குறைக்கலாமா கூட்டலாமா என்று கனவு கண்டுகொண்டு வருவேன். அந்த வயசில் மற்றவர்கள் பெண்களைப் பற்றிக் கனவு கண்டார்கள். நான் கரியைப் பற்றி.

ஒருநாள் மீட்டரில் ரெட்டியார்பாளையத் தண்ணீரின் எண்ணும் என் தண்ணீரின் எண்ணும் ஒன்றாக வந்தது. நான் குதித்ததில் ஈஸிசேரில் இருந்த அத்தா எழுந்துவிட்டார். மீன் சுறுசுறுப்பாக இருந்தன. "இனிமே யாரும் தண்ணி தூக்கிட்டு வரவேணாம்" என்று அறிவித்தேன். யாரும் கை தட்டவில்லை. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அம்மா, "சாப்பிட வா" என்றாள்.

இரண்டு நாள் கழித்து மீட்டரை விட்டால் எண் எகிறிக் கிடந்தது. கரி தீர்ந்திருக்கும் என்று கரியை மாற்றி, தண்ணீரையும் புதிதாகக் கலந்து ஊற்றினேன். சரியாயிற்று. மறுபடி எகிறியது. மணலைக் கழுவினேன். மறுபடியும். போர்த் தண்ணீரின் மேல் சந்தேகப்பட்டு அதைத் தனியாகச் சோதித்தேன், மீட்டரின் மேல் சந்தேகப்பட்டு லேபில் கொடுத்துச் சரிபார்த்தேன். கடல் காற்றிலிருந்தே உப்பு இறங்குகிறதோ என்றுகூடத் தோன்றியது. சிரிக்காதீர்கள், வெள்ளைக் கோட்டு போட்டவனுக்கு இப்படித்தான் யோசனை போகும்.

கம்பெனியில் பாய்லர் பழுதாகி ஒருநாள் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தெரு தூங்கிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் முன்னறைக்கு வந்தால், தொட்டிக்கு முன்னால் அம்மா. முக்காடு நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் கல் உப்பு. "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி, குழம்புக்குப் போடுவது மாதிரி அளவாக, சுற்றிலும் தூவினாள்.

"அம்மா!"

அவள் பதறவில்லை. கையைத் தட்டிக்கொண்டு திரும்பினாள். "கத்தாத. ஒரு புடிதான் போட்டேன். சாவாது. கடல்ல மீனு உப்புலதானே கெடக்குது."

"அது வேற மீன், இது வேற மீன்! நான் இன்னா பாடுபட்டு..."

"நீ தண்ணியச் சுத்தம் பண்ணிட்டா, அவரு எதுக்குடா வருவாரு?"

எனக்கு உடனே புரியவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. மீட்டரைப் பார்த்தேன், மீனைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது அந்த இரண்டு கேன் மட்டும்தான். அதை அடைப்பதற்குத்தான் நான் ராப்பகலாகக் கரி கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம், அக்காவும் அத்தாவும் இருக்கும்போது, லேப் ரிப்போர்ட் வாசிக்கிற குரலில் சொன்னேன். நம்ம ஊர்த் தண்ணீரை எந்த ஃபில்டராலும் ஒன்றும் செய்ய முடியாது, ரெட்டியார்பாளையத் தண்ணீர் ஒன்றுதான் வழி. உத்தியோக ரீதியாக நான் சொன்ன முதல் பொய் அது. அக்கா, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாள். வெகு நாளைக்கப்புறம் அவள் குரலில் பழைய வேகம் கொஞ்சம் தெரிந்தது. நான் கண்ணாடிப் பெட்டியைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வைத்தேன். அம்மா அதில் புதினா நட்டாள்.

நோன்பு மாதத்தின் கடைசி ஞாயிறு அன்று விடாத மழை. புயல் சின்னம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். எப்போதும் காலையில் வருகிறவர் வரவில்லை. அக்கா முன்னறை ஜன்னலை விட்டு நகரவில்லை. "மழை எப்ப வுடும்னு பாக்கறேன்" என்றாள், யாரும் கேட்காமலே. மத்தியானம் போயிற்று. சாயங்கால அசர் தொழுதுவிட்டு வந்த அத்தா குடையை உதறிக்கொண்டே, "இந்தத் தண்ணியில வண்டி எங்க ஓடும்?" என்றார். அடுப்படியில் அம்மா நோன்புக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அளவு கொஞ்சம் கூடத்தான் வைத்திருந்தாள்.

நோன்பு திறக்கிற நேரம் நெருங்கும்போது ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். என்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டதாம். எங்கே நின்றதோ, எவ்வளவு தூரம் தள்ளினாரோ. தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட, இரண்டு கேனையும் இறக்கிப் படியில் வைத்தார். அக்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"வானத்துலேந்து தண்ணி கொட்டுது, நீங்க ரெண்டு கேன் தண்ணியத் தூக்கிட்டு வர்றீங்களே, உங்களுக்கு அறிவிருக்கா? நோன்பு வேற. வழுக்கி உழுந்தா யாரு பாக்கறது? மீனு ஒரு வாரம் தாங்காதா? சொல்லுங்க, இப்ப எதுக்கு வந்தீங்க?"

அவர் அந்த இரண்டு வார்த்தையைத்தான் சொல்லப்போகிறார் என்று நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம். அக்காவும் நினைத்திருப்பாள். அவர் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டார்.

"வீட்டுல சத்தமே இல்ல" என்றார்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே மேலும் பேசினார். "காலைல எந்திரிச்சா சத்தமே இல்ல. நீ பேசறத வச்சித்தான் எனக்கு நேரமே தெரியும். பால்காரன் வந்தது, கரண்டு போனது எல்லாம். இப்ப ஒண்ணும் தெரியல."

இவ்வளவையும் சொல்லிவிட்டு, மாடி ஏறி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கினார்.

அக்கா மெல்லிய குரலில், "இத அங்கயே சொல்றதுக்கு இன்னா?" என்றாள்.

அவர் நிஜமாகவே யோசித்தார். "அங்க நீ பேசிட்டு இருந்தியே" என்றார்.

அடுப்படியில் அம்மா சிரிப்பதும் அழுவதும் ஒன்றாகக் கேட்டது. அப்போது பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு சொன்னார்கள். அக்கா ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள். அன்றைக்குத்தான் மச்சான் படியேறி உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா கஞ்சிக் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள். எனக்கு அந்தக் கஞ்சியின் மணம், ஈரத் துணியின் மணம், விளக்கு எரிந்த தொட்டிக்குள் இரண்டு மீன்கள் ஒன்றையொன்று சுற்றியது எல்லாம் ஒரே கனவின் பகுதிகள் மாதிரி இருக்கின்றன. பெருநாளுக்கு முதல் நாள், வந்த மாதிரியே ஆட்டோவில் அக்கா திரும்பிப் போனாள். இந்தத் தடவை தொட்டியை மச்சான் பிடித்துக்கொண்டார். ஆட்டோ நகரும் முன்பே அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

இப்போது அந்தத் தெருவில் எங்கள் வீடு இல்லை. வாயில் நுழையாத பிரெஞ்சுப் பேரில் ஒரு போர்டு மாட்டி, காபி விற்கிறார்கள். கண்ணாடிக் கடை இல்லை, அத்தாவும் இல்லை, அம்மாவும் இல்லை. மத்தியானத் தூக்கத்தை ஊர் விட்டுவிட்டது. ரெட்டியார்பாளையத்திலும் வீட்டுக்கு வீடு போர் இறக்கி இறக்கி அந்த இளநீர்த் தண்ணீர் எங்கோ அடியில் போய்விட்டது. மேலே வருவதைக் குடித்தால் நாக்கு தடிக்கிறது. மச்சான் வீட்டுச் சமையலறையில் சுவரோடு ஒரு மெஷின் முனகிக்கொண்டிருக்கிறது.

அக்காவும் போய்விட்டாள். சாதாரணக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. கடைசியாகப் பார்த்தபோது வாயில் செயற்கைச் சுவாசக் குழாயை மாட்டியிருந்ததால் பேச முடியவில்லை; கையை ஆட்டி ஆட்டி எதையோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்கப்புறம் மச்சான் பேச ஆரம்பித்தார்.

முதலில் எனக்கு என்னவோ போல் இருந்தது. போய் உட்கார்ந்தால் போதும், எதிர்வீட்டில் மாடி எடுத்தது, சாலையைத் தோண்டிவிட்டு மூடாமல் போனது, காய்காரப் பெண்ணின் மகள் பத்தாவது தேறியது என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறார். இடையில் நிறுத்தி, "நான் சொல்றது புரியுதா உனக்கு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் தொடர்கிறார். அது அக்கா பேசுகிற விதம். அதே இழுப்பு, அதே அவசரம். கூடவே இருந்த வருஷங்களில் ஒரு சொல்லும் விடாமல் கேட்டிருக்கிறார் மனிதர்.

போன மாதம் போயிருந்தேன். விடைபெற்று வெளியே வந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அதற்காக அவர் நிறுத்தவும் இல்லை. நான் போனதும் அவர் திரும்பி உள்ளே போக வேண்டிய வீட்டை ஒரு தரம் பார்த்தேன். வண்டியை அணைத்துவிட்டு இறங்கினேன்.